சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் வேல் எடுத்துக்கொண்டு வெளிக்கிடும் பாதயாத்திரை வைகாசியில் தொடங்கி, கதிர்காம ஆடிவேல் விழாவின் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரும். ஒன்றரை மாதத்துக்குக் குறையாத நடை. வற்றாப்பளை, கொக்கிளாய், புல்மோட்டை, திருகோணமலை, மூதூர், வெருகல், மாமாங்கம், மண்டூர், திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று கரையோரமாக இறங்கி, கடைசியில் காட்டுக்குள் நுழையும். போர்க் காலத்தில் வடக்கிலிருந்து நடக்க வழியில்லாமல் போனதால், ஒரு தலைமுறைக்கு இந்தப் பாதை கைமாறவில்லை. இன்று முதல் தடவை போகிற இளம் பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்டுப் பழக ஆள் இல்லை. பல தவறுகளுக்குக் காரணம் அதுதான், பக்திக் குறைவு இல்லை.

முதல் தவறு பாதத்தில். வெறுங்காலுடன் போவதாக நேர்த்தி வைத்துவிட்டு, வெளிக்கிடும் அன்றுதான் செருப்பைக் கழற்றுகிறார்கள். பத்து மணிக்குப் பிறகு தார் ரோட்டு கொதிக்கும். பழகாத தோல் முல்லைத்தீவு தாண்டும் முன்பே கொப்புளம் போட்டுவிடும். இரண்டு மாதம் முன்பே காலையில் மண் ஒழுங்கைகளில் வெறுங்காலுடன் நடந்து பழகுங்கள். கொப்புளத்தின் தோலை உரிக்க வேண்டாம். தானாக உடைந்தால் கழுவி, சுத்தமான துணியால் கட்டி, ஒரு நாள் தங்கிவிடுங்கள்.

சலரோகம் (நீரிழிவு) உள்ளவர்கள் நேர்த்தியை மாற்றிக்கொள்வதுதான் சரி. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் ஏறியதுகூடத் தெரியாது. பழகிய செருப்போடு நடவுங்கள். மாலையில் கைக்கண்ணாடியை நிலத்தில் வைத்து, அதன் மேல் பாதத்தைப் பிடித்து, விரல் இடுக்குவரை பாருங்கள். செருப்புப் போட்டதற்காக முருகன் கோபிக்க மாட்டான்.

வெயிலை வெல்லலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. விடியற்காலை நான்கு மணிக்கு நடையைத் தொடங்கி, பத்து மணிக்குள் ஒரு கோயிலிலோ மர நிழலிலோ ஒதுங்கிவிட வேண்டும். மிச்சத்தை நான்கு மணிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கிழக்கில் அந்த நாட்களில் அடிப்பது கச்சான் காற்று. அது வேர்வையை உடனே உலர்த்திவிடுவதால் உடம்பு எவ்வளவு நீர் இழந்தது என்றே தெரியாது. தாகம் வரட்டும் என்று காத்திருக்காமல் குடித்துக்கொண்டே போங்கள். ஜீவனி (உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) கரைப்பதென்றால் பைக்கற்றில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுப் பைக்கற்றையும் கரையுங்கள். மிச்சம் பிடிக்கலாம் என்று பாதியைப் போட்டுக் கலக்கினால் அளவு தப்பிவிடும்.

பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாற்றுடுப்பு, துவாய், போர்வை, டோர்ச், வழக்கமான மருந்து போதும். வீட்டுக்காரர் அன்போடு திணிக்கும் பலகாரப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

எனக்கு மனம் நோகிற தவறு வேறு. ஊர்களை வெறும் வழி என்று நினைத்துக் கடந்துபோவது. இந்த யாத்திரையைத் தாங்கி நிற்பவை ஊர்கள்தான். வேல் வருகிறது என்று கேள்விப்பட்டால் நிறைகுடம் வைத்துக் காத்திருப்பார்கள், கஷ்டப்பட்ட குடும்பம்கூட அரிசி கொடுத்து அன்னதானத்தில் சேர்ந்துகொள்ளும். அங்கே பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள், நடப்பவர் எல்லாரும் 'சாமி'தான். அந்தச் சாமி, கொடுத்த சோற்றை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுக் கடை தேடிப் போனால் அந்த வீட்டுக்காரர் மனம் என்ன பாடுபடும்? முடிந்த அளவு வாங்குங்கள், வாங்கியதை மிச்சம் விடாமல் சாப்பிடுங்கள். இருட்டிய பிறகு ஐம்பது பேராகப் போய் நிற்காமல், ஒருவர் முன்னால் போய்க் கோயிலை நடத்தும் வண்ணக்கரிடம் எத்தனை பேர் என்று சொல்லிவிடட்டும், உலை வைக்க அவர்களுக்கும் நேரம் வேண்டுமே. புல்மோட்டை, மூதூர், பொத்துவில் போன்ற இடங்களில் முஸ்லிம் மக்கள் தண்ணீர் தந்தால் நின்று வாங்கிக் குடித்து, நாலு வார்த்தை கதைத்துவிட்டுப் போங்கள்.

கால் நொந்தவுடன் பஸ் ஏறி நாலு ஊரைத் தாண்டிவிடுகிறவர்களும் உண்டு. உடம்பு முடியாவிட்டால் ஏறத்தான் வேண்டும். அவசரத்துக்காக ஏறினால் இழப்பு உங்களுக்குத்தான். சந்நிதியில் பூசகர் துணியால் வாய் கட்டிப் பூசை செய்வதைப் பார்த்து வளர்ந்தவர், மண்டூர் முருகன் கோயிலிலும் அதே வழக்கத்தைக் கண்டு நிற்கும் நேரம் பஸ்ஸில் கிடைக்காது.

உகந்தைக்குப் பிறகு விளையாட்டில்லை. குமண, யால காடுகளின் ஊடாகப் போகும் பாதையை வருடத்தில் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் திறப்பார்கள். நாள் ஒவ்வொரு வருடமும் மாறும் என்பதால், போன வருடத் திகதியை நம்பி வெளிக்கிட வேண்டாம். உள்ளே ஐந்தாறு நாள் நடைக்கு வேண்டிய உலர் உணவைக் கொண்டுபோக வேண்டும். தனியாக முந்தி நடப்பதுதான் அங்கே பெரிய ஆபத்து. வறண்ட காலத்தில் யானையும் கரடியும் நீங்கள் தேடுகிற அதே தண்ணீரைத் தேடித்தான் வரும். கும்புக்கன் ஆற்றில் முதலை இருக்கிறது, மைம்மலில் குளிக்க இறங்காதீர்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். பிளாஸ்டிக் போத்தலும் பொலித்தீனும் உகந்தையோடு நிற்கட்டும், தகரப் போத்தல் ஒன்று போதும்.

முழுத் தூரமும் லீவு கிடைக்காதவர்கள் உகந்தையில் மட்டும் சேர்ந்து காட்டை நடந்துவிட்டு வருகிறார்கள். பழகாத காலோடு நேரே காட்டுக்குள் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னும் ஒரு வாரம் ஒதுக்க முடியுமானால் மண்டூரில் வேலோடு சேருங்கள். திருக்கோவில், பொத்துவில் ஊர்களைக் கடந்து உகந்தைக்கு வருவதற்குள் காலும் பழகிவிடும், கூட நடக்கிற சாமிகளையும் தெரிந்திருக்கும்.