பழைய அங்கிலிக்கன் ஆலயச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து

திருகோணமலையில் வெள்ளைக்காரர் காலத்து ஆலயச் சுவர்களைக் கெடுப்பது மழையை விட, பிறகு பூசிய சீமெந்துதான். சுவர் உறிஞ்சும் உவர்நீர் சீமெந்தைத் தாண்டி வெளியேற முடியாமல் உள்ளேயே காயும். உப்புப் பூத்துச் செங்கல் மாவாய் உதிரும். விரலால் தேய்த்தால் சிவப்புப் பொடி ஒட்டும்.

வாடை மழை ஓய்ந்து, மாசிக்குப் பிறகு தொடங்குங்கள். உப்புக்கறைக்கு மேல் ஒன்றரை அடி வரை சீமெந்தைச் சிற்றுளியால் மெதுவாகக் கொத்தி எடுக்கவும். உப்பை உலர்ந்த தூரிகையாலேயே தட்டுங்கள். கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும். உதிர்ந்த இணைப்புகளை 2 சென்ரிமீற்றர் ஆழம் சுரண்டவும்.

நீற்றி, மூன்று மாதமாவது தண்ணீருக்கடியில் கிடந்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு. கடல்மணல் கூடவே கூடாது. சுவரை நனைத்து, ஒரு பூச்சு 10 மில்லிமீற்றருக்கு மிகாமல் பூசவும்; அடுத்த பூச்சுக்கு ஒரு வாரம் பொறுங்கள். சோளகம் அடித்தால் சாந்து சடுதியாகக் காய்ந்து வெடிக்கும், ஆகவே ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். இந்த இடத்தில் அவசரப்படுபவர்கள்தான் மறுபடி கொத்த வேண்டி வருகிறது.

முடிவில் வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும், மெல்லிதாக நான்கு தடவை. எமல்ஷன் பூசினால் சீமெந்தின் கதையேதான். 1852இல் இறந்த கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின் அடங்கியிருக்கும் இந்நகரின் பழைய இடுகாட்டில் உள்ளவை போன்ற செங்கல் கல்லறைகளுக்கும் இதே முறைதான்.