சிங்கப்பூர் – பாங்காக்: விமானத் தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்குப் போடலாம்

முதன்முறை சிங்கப்பூரிலிருந்து பாங்காக் போனபோது என் டிக்கெட்டில் புறப்பாடு காலை 9:00, சேருவது 10:25 என்று இருந்தது. ஒன்றரை மணி நேரம்கூட இல்லையே, இறங்கிச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று வெறும் வயிற்றோடு ஏறிவிட்டேன். என் கைக்கடிகாரத்தில் பத்தரை ஆனபோது ஜன்னல் வழியே பார்த்தால் கீழே வெறும் கடல்! அன்றைக்குப் பசியோடு கற்றுக்கொண்ட கணக்கு இது.

படி 1: எந்த விமான நிலையம்?
பாங்காக்கில் இரண்டு உண்டு. தென்கிழக்கே சுவர்ணபூமி, வடக்கே டான் மியூங். (சுவர்ணபூமி என்று நாம் எழுத்துக்கூட்டிச் சொன்னால் டாக்சிக்காரருக்குப் புரியாமல் போகலாம். அவர்கள் வாயில் அது ‘சுவன்னபூம்’.) டிக்கெட்டில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

படி 2: இடத்தின் எண்கள்
கூகுள் மேப்ஸில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வரும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம்: வடக்கு 1.4, கிழக்கு 104.0. சுவர்ணபூமி: வடக்கு 13.7, கிழக்கு 100.8.

படி 3: தூரம்
வித்தியாசம் எடுங்கள்: 12.3 டிகிரி, 3.2 டிகிரி. ஒவ்வொன்றையும் 111 கி.மீ.யால் பெருக்கினால் 1,365, 355. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் இரண்டுக்கும் அதே 111 போதும். லண்டன் பக்கம் போனால் இது செல்லாது. அப்புறம் பள்ளியில் படித்த பித்தாகரஸ்தான். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 1,410 கி.மீ.

படி 4: பறக்கும் நேரம்
மேலே போனபின் ஜெட் விமானம் மணிக்கு 840 கி.மீ. அளவில் பறக்கும். 1,410-ஐ 840-ஆல் வகுத்தால் 1 மணி 40 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்குமாக 40 நிமிடம் சேருங்கள். மொத்தம் 2 மணி 20 நிமிடம். கம்பெனிகள் போடும் அட்டவணையும் இதையொட்டித்தான் இருக்கும்.

படி 5: கடிகாரம்
நான் மாட்டியது இங்கேதான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். பாங்காக் சிங்கப்பூரைவிட 1 மணி நேரம் பின்னால். போகும்போது பயணம் 1 மணி 25 நிமிடம் மாதிரி தெரியும், திரும்பும்போது 3 மணி 25 நிமிடம் மாதிரி தெரியும். உண்மையில் இரண்டுமே 2 மணி 25 நிமிடம். தீர்க்கரேகைப்படி பார்த்தால் சிங்கப்பூரும் பாங்காக் நேரத்தில்தான் இருக்க வேண்டும். ஏற்கெனவே அரை மணி முன்னே இருந்த கடிகாரத்தை 1982-இல் மலேசியாவோடு சேர்ந்து இன்னும் அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள். சிங்கப்பூரில் காலை ஏழு மணிவரை இருட்டாக இருப்பது இதனால்தான்.

சரி, இப்போது நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள்: கோலாலம்பூரிலிருந்து பாலி. கோலாலம்பூர் வடக்கு 2.7, கிழக்கு 101.7, பாலி தெற்கு 8.8, கிழக்கு 115.2. ஒன்று வடக்கு, மற்றது தெற்கு என்பதால் அட்சரேகைகளைக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். சுமார் 1,970 கி.மீ., 3 மணி நேரம் என்று வந்தால் சரி.