ஒரே வீச்சில் ஒரு வேப்பிலை

வாட்டர்கலர் தொடங்கிய முதல் மாதம் என் கோடுகள் எல்லாம் ஒரே தடிமனில் வந்தன. இலையின் நுனி கூராகவே வராது. நடுவில் வேறு, காலிஃபிளவர் பூத்த மாதிரி திட்டுத் திட்டாகக் கறை. தூரிகைதான் சரியில்லை என்று புதிதாக இரண்டு வாங்கினேன். அப்படியும் அதேதான்.

கோளாறு தண்ணீரில் இருந்தது. பாதி காய்ந்த வண்ணத்தின் மேல் அதைவிட ஈரமான தூரிகை பட்டால், அந்தத் தண்ணீர் நிறமியைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறது. அதுதான் அந்தக் கறை. இப்போது வண்ணம் தொட்டதும் பழைய பருத்தித் துணியில் தூரிகையை ஒரு தடவை ஒற்றிவிடுகிறேன். தாளில் ஈரப் பளபளப்பு மறைந்துவிட்டால், முழுதாகக் காயும்வரை அந்த இடத்தைத் தொடுவதில்லை.

அப்புறம் அழுத்தம். 8ஆம் எண் உருண்டைத் தூரிகை. நுனியை மட்டும் தாளில் வைத்து, மெல்ல அழுத்தி, முடிகள் விரிந்ததும் இழுத்துக்கொண்டே தூக்கினால் ஒரே வீச்சில் வேப்பிலை! கை நகரும்போதே தூக்க வேண்டும். நின்று தூக்கினால் நுனியில் சொட்டுத் தேங்கிவிடும். லேசாக வளைத்து இழுத்தால் வேப்பிலையின் அந்த அரிவாள் வளைவும் கிடைத்துவிடும்.

தினமும் பத்து நிமிடம், ஒரே நிறம், பக்கம் முழுக்க இலை. தாள் 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள். மெல்லிய தாள் நெளிந்து, பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். விலை கூடத்தான், ஆனால் இரண்டு பக்கமும் வரையலாம். மூன்றாவது வாரம், ஒரு ஈர்க்கில் பதின்மூன்று இலை, எதையும் திருத்தாமல் வந்தது. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.