பழைய .303 ரைஃபிளில் தோட்டா சிக்கினால்: அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன்

லீ-என்ஃபீல்ட் என்று சொன்னால் நம் ஊரில் பலருக்குப் புரியாது. ‘த்ரீ நாட் த்ரீ’ என்றால் உடனே புரியும். 1895-இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த வம்சம் இது. வங்கத்தின் ஈஷாப்பூர் தொழிற்சாலையில் பல்லாண்டுகள் தயாரானது. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 ஜனவரியில்தான் இதற்கு விடைகொடுத்தது. இந்தியாவில் இது பொதுவாகத் தனியாருக்கு உரிமம் கிடைக்காத ரகம். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உரிமம் பெற்றவர்கள் இன்றும் இதைச் சுடுகிறார்கள். அவர்களில் பலர் செய்யும் தவறுகள் ஒரே மாதிரியானவை.

முதல் தவறு, எல்லாக் கோளாறையும் ‘ஜாம்’ என்று ஒரே பெயரில் அழைப்பது. மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) தோட்டா சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமர்ந்து வெடிக்கும் அறை) போகவில்லையா? சுட்ட பின் மிஞ்சும் காலி உறை சேம்பரை விட்டு வரவில்லையா? வந்தும் வெளியே தெறிக்காமல் உள்ளேயே கிடக்கிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் உதிரிபாகம் வாங்குவது வெட்டிச் செலவு.

தோட்டா உள்ளே போகாததற்கு மிகச் சாதாரணமான காரணம் அடுக்கிய விதம். .303 தோட்டாவின் அடியில் வெளியே துருத்திய விளிம்பு உண்டு. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் நின்றால், போல்ட் (கைப்பிடியால் முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டு) மேல் தோட்டாவைத் தள்ளும்போது அது கீழ்த் தோட்டாவில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாக நிரப்புபவர்கள் அவசரத்தில் கோட்டை விடுவது இங்கேதான். 5 தோட்டாக்களை ஒரே தள்ளலில் மேகசினுக்குள் இறக்க உதவும் சார்ஜர் கிளிப்பில் விளிம்புகளை மூன்று கீழே, இரண்டு மேலே என்று மாற்றி மாற்றி வைப்பார்கள். எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் அடுக்கு ஒன்றாகவே இருக்கும். எப்படியோ சிக்கிவிட்டதென்றால் போல்ட்டை அடித்துத் தள்ளாதீர்கள். பின்னால் இழுத்துவிட்டு, மேல் தோட்டாவைக் கையால் எடுத்து மறுபடி அடுக்குங்கள்.

அடுக்கு சரியாக இருந்தும் தகராறு என்றால் மேகசினைப் பாருங்கள். இந்த ரைஃபிளின் மேகசின் கழற்றி மாற்றிக்கொண்டே இருப்பதற்காகச் செய்ததல்ல. அந்தந்த ரைஃபிளுக்கு ஏற்ப ராணுவத்தின் ஆயுதப் பழுதுநீக்குநர் அதைச் சரிசெய்து கொடுப்பார். ஏலத்தில் வாங்கிய இன்னொரு மேகசின் உங்கள் துப்பாக்கியில் அப்படியே ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது. மேல் மடிப்புகளை இடுக்கியால் வளைத்துப் பார்ப்பது அடுத்த தவறு. அதற்கு முன் உள்ளே காய்ந்து பிசினான பழைய கிரீஸைத் துடையுங்கள். பாதிப் புகார்கள் அதோடு தீரும்.

இப்போது பலரை ஏமாற்றும் ஒரு கோளாறு. இரண்டு மூன்று முறை மறுநிரப்பு செய்த (காலி உறையில் மீண்டும் மருந்தும் குண்டும் வைத்த) உறையைச் சுடுகிறீர்கள், காலி உறை வெளியே வருகிறது. அடுத்த தோட்டா பாதி தூரம் போய் நின்றுவிடுகிறது. மேகசின் மேல் பழி போடத் தோன்றும். ஆனால் வெளியே வந்த உறையை எடுத்துப் பாருங்கள்: அடிப்பகுதி மட்டும்தான் கையில் இருக்கும், மீதிக் குழாய் சேம்பருக்குள். லீ-என்ஃபீல்டின் சேம்பர்கள் போர்க்களச் சேற்றையும் தாங்கும்படி சற்றுத் தாராளமாகக் குடையப்பட்டவை. சுடும்போது உறை நீள்கிறது, திரும்பத் திரும்ப நீண்டால் அடிக்கு மேலே அறுந்துபோகிறது. அறுவதற்கு முன்பே அந்த இடத்தில் பளபளப்பான மெல்லிய வளையம் தெரியும். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு உரசினால் பள்ளம் தட்டுப்படும். அப்படிப்பட்ட உறையைத் தூக்கி எறியுங்கள். உள்ளே மாட்டிய துண்டை எடுக்கவென்றே தனிக் கருவி உண்டு. அடுத்த தோட்டாவால் அதை இடித்துத் தள்ளும் வேலை மட்டும் கூடவே கூடாது.

உறை சேம்பரில் ஒட்டிக்கொள்வதற்குப் பழைய ராணுவத் தோட்டாக்களும் காரணம். அவற்றின் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதிக் குப்பி) உப்பை விட்டுச் செல்லும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அப்புறம் எண்ணெய் போட வேண்டும். வரிசையை மாற்றினால் சேம்பர் துருப்பிடித்துச் சொரசொரப்பாகிவிடும். சுடப் போகும்போதோ சேம்பர் உலர்ந்திருக்க வேண்டும். ‘ஈசியா வரட்டுமே’ என்று எண்ணெய் தடவினால் உறை சுவரைப் பிடிக்காது, அழுத்தம் முழுக்கப் போல்ட்டின் மேல் விழும். போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் பற்கள் அதன் பின்பக்கம் இருக்கும் இந்த அமைப்பில் அது நல்லதல்ல.

காலி உறை தெறிக்காவிட்டால் எல்லோரும் முதலில் கைவைப்பது போல்ட் ஓடும் பாதையின் இடப்பக்கச் சுவரில் இருக்கும், உறையைத் தட்டிவிடும் எஜெக்டர் திருகில். ஆனால் சுட்ட உறை பெரும்பாலும் எக்ஸ்ட்ராக்டரின் (உறையின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் கொக்கி) பிடியிலும் இடச் சுவரில் உரசும் விசையிலுமே வெளியே போகிறது. எனவே போல்ட் தலையில் உள்ள எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங்கை முதலில் சந்தேகப்படுங்கள். வெடிமருந்தில்லாத டம்மி தோட்டாவைச் செருகி மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழியிலேயே நழுவிக் கீழே சரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. மலிவான பாகம்தான். இன்னொன்று, ‘பாவம், வயசான துப்பாக்கி’ என்று போல்ட்டைத் தயங்கித் தயங்கி இழுப்பவர்களுக்கு இந்தக் கோளாறு அடிக்கடி வரும். கடைசி வரை ஒரே வீச்சில் இழுக்க வேண்டும்.

போல்ட்டையே மாற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் சற்றுப் பொறுங்கள். போல்ட் கைப்பிடி தொடங்கும் இடத்தில் உள்ள எண்ணும் ரைஃபிளின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். லீ-என்ஃபீல்டின் நம்பர் 4 ரகத்தில் போல்ட் தலைக்கே 0 முதல் 3 வரை அளவுகள் உண்டு. மாற்றினால் ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா தங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளவைக் கேஜ் வைத்துப் பார்க்கத் தெரிந்த உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டாமல் சுடக்கூடாது.

ஈஷாப்பூரின் 2ஏ1 ரக ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பார்க்க .303 மாதிரியே இருந்தாலும் அது விளிம்பு துருத்தாத 7.62 மி.மீ. தோட்டாவுக்காகச் செய்தது, மேகசின் 12 தோட்டா பிடிக்கும். .303-இன் மேகசினை அதில் மாட்டிவிட்டுத் தோட்டா ஏறவில்லை என்று புலம்பிப் பயனில்லை.

சோதனை எல்லாமே டம்மி தோட்டாவில்தான். உண்மைத் தோட்டாவை வீட்டு மேஜையில் ஏற்றி இறக்கிப் பார்ப்பது எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். சுடுதளத்தில் விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். குழலை இலக்கின் பக்கமே வைத்து ஒரு நிமிடமாவது காத்திருங்கள். பழைய தோட்டா தாமதித்தும் வெடிக்கும்.