காய்கறி நிறைந்த ஃப்ரிட்ஜும் உறைந்துபோன இன்சுலினும்: பெருந்தொற்றுக் காலத்தில் வீடுகளில் நடந்த தவறுகள்

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டி.வி.யில் பேசி, கொரோனாவுக்காக நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு என்றார். தமிழ்நாட்டில் அன்று மாலை ஆறு மணிக்கே 144 தடை வந்திருந்தது. இருந்தும் எட்டரைக்கு எங்கள் தெரு மளிகைக்கடை வாசலில் நாற்பது பேர் நின்றோம். நான் கேட்டது ஐந்து கிலோ துவரம்பருப்பு. வழக்கமாக மாதத்துக்கு இரண்டு கிலோதான் ஆகும்.

அண்ணாச்சி தராசிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "யக்கா, உங்க வீட்ல என்ன கல்யாணமா? ரெண்டு கிலோ தாரேன், எடுத்துக்கிடுங்க. பின்னால நிக்கவங்களுக்கும் நான் குடுக்கணும்லா?"

அன்று அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு தெருக்கடையை நம்பி 200 வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வீடும் ஒரே நாளில் வந்து வாங்காது என்ற கணக்கில்தான் கடைக்காரர் சரக்கு எடுத்து வைப்பார். வீட்டுக்கு ஐந்து கிலோ பருப்பு என்றால் 1000 கிலோ. அவ்வளவையும் அடுக்கி வைக்க அந்தக் கடையில் இடமே கிடையாது. முதல் நாற்பது வீட்டோடு பருப்பு தீர்ந்துவிடும், 41-வது ஆள் "பருப்பே இல்லையாம்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போவார். நாட்டில் பருப்பு இருந்தது, கிடங்குகளில் அரிசியும் இருந்தது. லாரிகள் மாநில எல்லையில் நின்றன, ஏற்றி இறக்க ஆள் வரவில்லை. பத்துப் பதினைந்து நாளில் சீராகியிருக்கக்கூடிய அந்தத் தடங்கலைப் பெரிய பஞ்சம்போலத் தோன்றச் செய்ததில் எங்கள் வரிசைக்கும் பங்குண்டு.

கடைசி நாள் கடைக்குப் போவது

இதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன், ஏனென்றால் இதை நாம் ஒரு தடவையோடு விடவில்லை. 2020 ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், 25-ஆம் தேதி சனிக்கிழமை காலை கடைத்தெருக்களில் தோளோடு தோள் உரசக் கூட்டம். நான்கே நாள்! வீட்டில் இருக்கும் அரிசியும் ஊறுகாயும் போதாதா? அந்த நாட்களில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை போனது. மே 5-இல் சந்தையை மூடி, மொத்தக் காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். மறுவருஷம், 2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்றபோது, முந்தின சனி ஞாயிறில் மறுபடியும் அதே கூட்டம். நோய்க்குப் பயந்து வாங்கப்போன இடத்திலேயே நோயை வாங்கி வந்தவர்கள் எத்தனை பேரோ.

எதுவும் நடக்காத சாதாரண மாதத்தில் வாங்க வேண்டும் என்பதுதான் இதற்கு மாற்று. மாதச் சாமான் வாங்கும்போது அரைக் கிலோ பருப்பு, ஒரு பாக்கெட் எண்ணெய், ஒரு சோப்பு என்று கூடுதலாகச் சேர்த்துக்கொண்டே வந்தால், நாலைந்து மாதத்தில் மூன்று வாரத்துக்கான கையிருப்பு வீட்டில் இருக்கும். கடையும் காலியாகாது, கையும் கடிக்காது. தினக்கூலியில் ஓடும் வீட்டுக்கு இந்த அறிவுரை பொருந்தாது என்பது தெரியும். அவர்களைக் காப்பாற்றியது ரேஷன் கடைதான். 2020-இல் ஆயிரம் ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும், 2021-இல் இரண்டு தவணையாக நாலாயிரம் ரூபாயும் 14 மளிகைப் பொருளும் அட்டை இருந்தவர்களுக்குக் கிடைத்தன. வாடகை வீடு மாறி, அட்டையில் பழைய முகவரியே கிடந்தவர்கள் அலைந்தார்கள். பெயர் சேர்ப்பதையும் முகவரி மாற்றுவதையும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதும் இந்தக் கணக்கில் சேரும் தவறுதான்.

சாப்பிடாததை வாங்கி அடுக்குவது

ஊரடங்கு வந்ததும் என் கணவர் எட்டு பாக்கெட் ஓட்ஸ் வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் ஒருவரும் ஓட்ஸ் தொடுவதில்லை. பயத்தில் மட்டும் எப்படிப் பிடிக்கும்? எட்டில் ஆறு பாக்கெட் தேதி முடிந்து குப்பைக்குப் போனது. சாதாரண நாளில் என்ன சாப்பிடுகிறோமோ அதைத்தான் சேர்த்து வைக்க வேண்டும். பழையதை முன்னால் வைத்துப் புதியதைப் பின்னால் தள்ளினால் எதுவும் கெடாது.

அரிசியில் நான் வேறு கோட்டை விட்டேன். 25 கிலோ சிப்பம் மூன்று எடுத்தேன். (இப்போது அதே சிப்பம் 26 கிலோவாக வருகிறது. 25 கிலோ வரையுள்ள பைக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. போட்டதும் ஆலைக்காரர்கள் செய்த தந்திரம் அது.) வைகாசி பிறப்பதற்குள் மூன்றாவது சிப்பத்தில் வண்டு ஊர்ந்தது. வண்டு வெளியிலிருந்து வந்து ஏறுகிறது என்றே நினைத்திருந்தேன். அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து உள்ளேயே முட்டை வைக்கும். ஆகவே அரிசி வரும்போதே அதுவும் கூட வந்திருக்கக்கூடும், வெக்கையும் ஈரப்பதமும் கூடினால் பெருகிவிடும். வாங்கிய உடனே நிழலில் உலர்த்தி, ஈரமில்லாத டப்பாவில் இறுக மூடி, காய்ந்த வேப்பிலையோ வற்றல் மிளகாயோ வசம்போ போட்டுவைப்பது நம் பாட்டிமார் வழக்கம். ரவையையும் சேமியாவையும் வறுத்து ஆறவிட்டு எடுத்து வைத்தால் புழு அண்டுவது குறையும். எண்ணெயை மட்டும் ஆறு மாதத்துக்கு வாங்காதீர்கள், சிக்கு வாசம் வந்துவிடும்.

காய்கறிக்கு வருகிறேன். தக்காளியும் கீரையும் கிடைக்கவில்லை என்று நாங்கள் புலம்பிக்கொண்டிருந்தபோது, அது பங்குனி சித்திரை வெயில் என்பதையே மறந்திருந்தோம். என் அத்தைதான், அதாவது மாமியார், மொட்டை மாடிக்கு ஏறினார். விலை சரிந்து தள்ளுவண்டியில் வந்த கத்தரிக்காயையும் கொத்தவரங்காயையும் உப்பு போட்டு அரைவேக்காடாக வேகவைத்து, பழைய வேட்டியில் பரப்பினார். மிளகாயைக் கீறி மோரில் ஊறப்போட்டார். ராத்திரி மோருக்குள், பகலில் வெயிலில், மோர் வற்றும்வரை இப்படியே. நாலைந்து நாளில் எல்லாம் கலகலவென்று சத்தம் கேட்கும்படி காய்ந்துவிட்டது. ஒரு கை வற்றல், எலுமிச்சை அளவு புளி, நல்லெண்ணெய், அவ்வளவுதான் குழம்பு. அதை வைத்துக்கொண்டு இரண்டு வேளை ஓட்டலாம். சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல், அசைவக்காரர்களுக்குக் கருவாடு, உப்புக்கண்டம் எல்லாமே கடைக்குப் போக முடியாத காலத்துக்கு என்றே வந்த பண்டங்கள். டின்னில் அடைத்த சோளத்தைத் தேடி நான் சூப்பர் மார்க்கெட் வாசலில் நின்றதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

முட்டையையும் விடக்கூடாது. கோழியால் கொரோனா பரவும் என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிய புரளியால் 2020 பிப்ரவரி, மார்ச்சில் கறிக்கோழியும் நாமக்கல் முட்டையும் விலை போகாமல் கிடந்தன. ஊரடங்கு வந்ததும் அதே கோழிக்கு வரிசை. மலிவாகக் கிடைத்த புரதத்தைப் புரளிக்குப் பலி கொடுத்துவிட்டு, பிறகு இரண்டு மடங்கு கொடுத்து வாங்கினோம்.

அரிசி இருந்தது, மாத்திரை இல்லை

அந்த ஏப்ரல் 25 கூட்டத்தில் நானும் இருந்தேன். முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், ஐந்து கட்டு கீரை. கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் திணித்தேன். கதவு மூடவில்லை. இடம் பண்ணுவதற்காகக் கையில் கிடைத்த சின்னச் சின்னப் பெட்டிகளை மேலே ஃப்ரீசரில் தள்ளினேன். அதில் ஒன்று அத்தையின் இன்சுலின்.

மூன்றாம் நாள் அத்தை, "கண்ணு, என் ஊசி மருந்து ஒண்ணு இங்க வச்சிருந்தேனே?" என்றபோதுதான் எனக்கு உறைத்தது. எடுத்துப் பார்த்தால் கல்லாக இருந்தது. வெளியே வைத்ததும் உருகி, பார்வைக்குப் பழையபடி ஆனது. வீணாக்க மனசில்லாமல் அதையே போட்டோம். இரண்டு நாளில் சர்க்கரை 340. டாக்டருக்கு போன் செய்தபோது, உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது, தூக்கிப் போடுங்கள் என்றார். ஊரே அடைத்திருந்த நேரத்தில் புதுசு வாங்க மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கினார் கணவர்.

திறக்காத இன்சுலின் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கம் நல்லது, ஃப்ரீசரும் ஃப்ரீசரை ஒட்டிய தட்டும் ஆகாது. பயன்பாட்டில் இருக்கும் குப்பியை, பெரும்பாலான வகைகளில், நான்கு வாரம் வரை வெளியே வைக்கலாம். ஆனால் நம் அக்னி நட்சத்திரத்தில் 'வெளியே' என்பதற்கு அர்த்தமே வேறு. கரண்ட் போனாலோ ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டாலோ, பெரிய மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, அதற்குள் சின்ன மண்சட்டி வைத்து, மருந்தை நனையாத டப்பாவில் போட்டு உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடலாம். ஃப்ரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தைராய்டு, வலிப்பு மாத்திரைகளில் எப்போதும் ஒரு மாதத்துக்குக் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். அரிசியைவிட இது முக்கியம். அரிசி தீர்ந்தால் பக்கத்து வீட்டில் ஒரு படி வாங்கலாம், வலிப்பு மாத்திரையை அப்படி வாங்க முடியாது. மருந்து அட்டையின் இரண்டு பக்கத்தையும், டாக்டர் சீட்டையும் போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வைத்திருங்கள்.

தேவையில்லாதவர் வாங்கிக் குவிப்பதும் அதே அளவு மோசம். 2020 மார்ச் 23-இல் சுகாதாரப் பணியாளர்களுக்கும் நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் கொரோனா வராமல் தடுக்க ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை தரலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொன்னது. டாக்டர் சீட்டே இல்லாமல் ஆளாளுக்கு வாங்கியதில், 26-ஆம் தேதியே விற்பனைக் கட்டுப்பாட்டை இறுக்க வேண்டியதாயிற்று. அதற்குள் அந்த மருந்தை வருஷக்கணக்காகச் சாப்பிட்டுவந்த முடக்குவாத, லூபஸ் நோயாளிகள் கடை கடையாக அலைந்தார்கள். 2021-இல் ரெம்டெசிவிர் என்ற கொரோனா ஊசி மருந்து. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ராத்திரியெல்லாம் வரிசை, பிறகு நேரு விளையாட்டரங்கில், கடைசியில் மருத்துவமனைகளுக்கே நேராகக் கொடுப்பதாக முடிந்தது. இத்தனைக்கும் அதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. 2022-இல் அந்த நிலையை அது ஓரளவு மாற்றிக்கொண்டது, அது தனிக் கதை.

ஸ்டீராய்டு இன்னும் ஆபத்து. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளைக் காப்பாற்றியது, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. இந்த இரண்டையும் ஒரே ஆய்வுதான் 2020-இல் சொன்னது. முதல் பாதி மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. சர்க்கரை நோயாளி சொந்தமாக ஸ்டீராய்டு போட்டால் சர்க்கரை ஏறும், நோய் எதிர்ப்பு இறங்கும். இரண்டாம் அலையில் வந்த கருப்புப் பூஞ்சைக்கு இது வழி திறந்துவிட்டது. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். அதிலும் ஒரு கவனம் வேண்டும். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஈரல் தாங்காது.

கழுவிக் கழுவி

பால் பாக்கெட்டை சோப்பு போட்டுக் கழுவினோம், ரூபாய் நோட்டை இஸ்திரி போட்டோம், தக்காளியை டெட்டாலில் முக்கினோம். காய்கறிக்கு நல்ல தண்ணீர் போதும். திருப்பூரில் தொடங்கி ஊர் ஊராக வந்த கிருமிநாசினிச் சுரங்கங்களைக்கூட, ஆள்மேல் மருந்தடிக்காதீர்கள் என்று அரசின் சுகாதாரத் துறை சொல்லித்தான் எடுத்தார்கள். வீட்டில் ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் சேர்ப்பது. வெளிவரும் குளோரின் வாயு மூடிய பாத்ரூமில் ஆளைச் சாய்த்துவிடும். சானிடைசர் தடவிய கையோடு அடுப்பைப் பற்றவைப்பதும் அப்படித்தான். தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த நாங்கள் ஜன்னலைத் திறக்க மறந்தோம். பரவியதோ பெரும்பாலும் காற்றில்.

ஒளித்து வைப்பது

2020-இல் சென்னையில் தொற்று வந்த வீட்டுக்குத் தகரம் அடித்தார்கள். அந்தத் தகரத்துக்குப் பயந்து காய்ச்சலைச் சொல்லாமல் வைத்திருந்த குடும்பங்கள் எனக்கே தெரியும். மூச்சு வாங்கின பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் பாதி வாய்ப்பு போய்விடுகிறது. ஒற்றை அறை வீட்டில் தனிமைப்படுத்த வழியில்லை என்றால், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் வைத்ததுபோன்ற அரசுப் பராமரிப்பு மையத்துக்குப் போவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி ஒன்று வீட்டில் இருக்கட்டும். மருதாணியும் நெயில் பாலிஷும் இருக்கும் விரலில் மாட்டினால், விரல் சில்லிட்டிருந்தாலும், அளவு தப்பும். கருத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகவும் காட்டலாம், நமக்கு இது ரொம்பவே பொருந்தும். 94-க்குக் கீழே இறங்கினால் மறுயோசனை வேண்டாம், கிளம்பிவிட வேண்டும்.

சமைக்கிற ஆளே படுத்துவிட்டால் யார் சமைப்பது என்று எங்கள் வீட்டில் அதுவரை ஒருவரும் யோசித்ததில்லை. 2021 மே மாதம் நான் படுத்தேன். பருப்பு எந்த டப்பாவில், கேஸ் புத்தகம் எங்கே, அத்தைக்கு எத்தனை யூனிட் ஊசி என்பதெல்லாம் என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. மூடிய கதவுக்கு வெளியே நின்று கணவர் கேட்க, உள்ளேயிருந்து இருமலோடு நான் கத்த, நடுவில் அத்தை, "ரசத்துக்குப் பருப்புத் தண்ணியாவது ஊத்தச் சொல்லும்மா அவன" என்று குரல் கொடுக்க, அந்தப் பன்னிரண்டு நாளும் அப்படித்தான் போனது. இப்போது சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அத்தையின் ஊசி அளவு, கேஸ் பதிவு நம்பர், அண்ணாச்சி கடை நம்பர், அதற்குக் கீழே கணவர் கையெழுத்தில் ரசம் வைக்கும் முறை.