ஹார்ப்சிகார்டா, பியானோவா: பாக்கைக் கேட்டு ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ், அதாவது ஒரு மெட்டையும் அதை மாற்றி மாற்றி விரிக்கும் பகுதிகளையும் (வேரியேஷன்கள்) கொண்ட படைப்பு, 1741இல் அச்சாகி வந்தது. இரண்டு விசை வரிசை உள்ள ஹார்ப்சிகார்டுக்கானது என்று அதன் முகப்பிலேயே போட்டிருக்கும். பியானோவில் சுத்தி தந்தியை அடிக்கும்; ஹார்ப்சிகார்டில் விசையை அழுத்தினால் தந்தி மீட்டப்படும். இன்றைக்குப் பலருக்கு அது முதலில் காதில் விழுவதோ பியானோவில்தான். அப்புறம் ஆர்வத்தில் ஒரு ஹார்ப்சிகார்ட் பதிவைத் தேடிப் போடுகிறார்கள். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "காதைக் குத்துது, உணர்ச்சியே இல்லை" என்று மூடிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பில் பாதிக்கு மேல், கேட்ட விதத்தால் வருவது.

முதலில் வால்யூமைக் கவனியுங்கள். ஹார்ப்சிகார்ட் நேரில் சன்னமாக ஒலிக்கும் வாத்தியம். பெரிய அரங்கில் பின்வரிசைக்கு எட்டுவதே கஷ்டம். பதிவிலோ மைக்கைக் கிட்டத்தில் வைத்து, ஒலியளவை ஏற்றி வைத்திருப்பார்கள். பியானோ பதிவில் மெல்லிய இடங்களும் ஓங்கிய இடங்களும் மாறி மாறி வருவதால் காதுக்கு ஓய்வு கிடைக்கும். ஹார்ப்சிகார்டில் முதலிலிருந்து கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவு. எனவே பியானோவுக்கு வைத்த வால்யூமிலேயே அதைக் கேட்காதீர்கள். நன்றாகக் குறையுங்கள், பக்கத்து அறையில் பேசுவது கேட்கும் அளவுக்கு. தந்தியை மீட்டும் 'டிக்' சத்தம் பின்னால் போய், தந்தி அதிர்ந்து அடங்கும் நாதம் முன்னால் வரும்.

அடுத்த தவறு, ஒவ்வொரு தரப்புக்கும் ஒரே ஒரு பதிவை எடுத்துக்கொள்வது. ஹார்ப்சிகார்டுக்கு வாண்டா லாண்டோவ்ஸ்காவின் 1933 பதிவு, பியானோவுக்கு கிளென் கோல்டின் 1955 பதிவு என்று வைத்துக்கொண்டால் கணக்கே தப்பு. லாண்டோவ்ஸ்கா வாசித்தது பாரிஸில் பிளேயல் கம்பெனி அவருக்காகச் செய்த கனமான நவீன ஹார்ப்சிகார்ட். உள்ளே இரும்புச் சட்டம், ஸ்தாயியை ஒரு படி கீழே இறக்கும் கூடுதல் தந்திகள், ஒலிநிறத்தை மாற்றக் கால் பெடல்கள். பாக் காலத்து வாத்தியத்தின் குரல் அதில் கிடைக்காது. இன்னொரு ஹார்ப்சிகார்ட் கலைஞரான குஸ்தாவ் லியோன்ஹார்ட்டின் 1976 பதிவில் ஒலிப்பது 18ஆம் நூற்றாண்டு மாதிரியைப் பார்த்துச் செய்த மரவாத்தியம். அந்த இரண்டுக்கும் நடுவிலேயே அவ்வளவு தூரம். கோல்டும் எல்லாப் பியானோக்காரர்களுக்கும் பிரதிநிதி இல்லை. அவருடைய உதிரி உதிரியான, பெடலை அதிகம் தொடாத வாசிப்பு அவருக்கே உரியது.

நேரத்தை வைத்து வேகத்தை அளப்பதும் தப்பு. கோல்டின் 1955 பதிவு சுமார் 38 நிமிடம், 1981 பதிவு சுமார் 51. ஆண்ட்ராஸ் ஷிஃப் 1982இல் பியானோவில் வாசித்தது 70ஐத் தாண்டும். ஷிஃப் அத்தனை மெதுவா? இல்லை. ஒவ்வொரு வேரியேஷனிலும் இரண்டு பாதிகள், ஒவ்வொன்றையும் திருப்பி வாசிக்கச் சொல்லியிருக்கிறார் பாக். ஷிஃப் திருப்புகிறார், கோல்ட் 1955இல் திருப்பவில்லை, 1981இல் சில இடங்களில் மட்டும் திருப்புகிறார்.

இப்போது 'உணர்ச்சி இல்லை' என்ற குற்றச்சாட்டு. விசையை ஓங்கி அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் ஹார்ப்சிகார்டில் சத்தம் ஏறக்குறைய மாறாது என்பது உண்மைதான். பியானோவில் பழகிய காது உணர்ச்சியைச் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தில் தேடுகிறது, அது கிடைக்காததும் ஏமாந்துவிடுகிறது. ஹார்ப்சிகார்டில் அது இருக்கும் இடம் காலம். 25ஆம் வேரியேஷனை எடுத்துக்கொள்ளுங்கள்: ஜி மைனர் என்ற ஸ்கேலில், மிக மெதுவாக, வலி நிறைந்து போகும் பகுதி. லியோன்ஹார்ட்டின் 1976 பதிவில் இதைக் கேட்கும்போது மேல் ராகத்தை விட்டுவிட்டு இரண்டு கைகளும் எப்போது சேர்ந்து விழுகின்றன, எப்போது பிரிகின்றன என்று மட்டும் பாருங்கள். இடது கை முன்னால் விழும். வலது கை இமைக்கும் நேரம் பிந்தி வரும். அந்தப் பிந்தலில்தான் அந்த ஸ்வரத்துக்கு அழுத்தம் கிடைக்கிறது. ஒரு ஸ்வரத்தை முழுதாக விடாமல் அடுத்ததன் மேல் லேசாகப் படியவிட்டால் ஒலி தடிக்கும். முக்கியமான ஸ்வரத்துக்கு முன்னால் மயிரிழை மௌனம் விட்டால் அது ஓங்கி ஒலித்ததாகவே காது எடுத்துக்கொள்ளும். எனக்கு இது பியானோவில் வரும் உணர்ச்சிக்குக் கொஞ்சமும் குறைந்ததாகப் படவில்லை.

பியானோவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். 20ஆம் வேரியேஷன்போல இரண்டு விசை வரிசைக்கு எழுதிய பகுதிகளில் கைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போகும். ஹார்ப்சிகார்டில் கைக்கொரு வரிசை, கைக்கொரு ஒலிநிறம். பியானோவில் இருப்பதோ ஒரே வரிசை. விரல்கள் மோதும் இடத்தில் இரண்டு குரலையும் அழுத்தத்தால் மட்டுமே பிரித்துக் காட்ட வேண்டும். அங்கே பியானோக்காரர் எதைச் சற்றே முன்னால் வைக்கிறார் என்பது அவருடைய தீர்மானம். மர்ரி பெராயாவின் 2000ஆம் ஆண்டுப் பதிவில் அது எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது!

சுருதியும் ஏமாற்றும். பல ஹார்ப்சிகார்ட் பதிவுகளில் சுருதி பியானோவைவிட அரைக்கட்டை குறைவாக இருக்கும். பியானோ பளிச்சென்று தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். வாசிப்பின் பெருமையாக அதை எழுதிக்கொள்ள வேண்டாம்.

"பாக் காலத்தில் பியானோவே கிடையாது, எனவே பியானோ தப்பு" என்று வாதாடுவதும் நிற்காது. 1747இல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் பிரஷ்ய மன்னர் ஃப்ரெடெரிக் முன்னால் ஜில்பர்மன் செய்த ஆரம்பகாலப் பியானோக்களில் பாக் வாசித்திருக்கிறார். ஆனால் அவை இன்றைய கச்சேரிப் பியானோவின் கனமோ ஓசையோ இல்லாதவை. இதைக் காட்டி மறுதரப்பும் ஜெயித்துவிட முடியாது.

ஒப்பிட ஆரம்பிப்பவர்கள் முதலில் ஹார்ப்சிகார்டை ஹார்ப்சிகார்டோடு வைத்துக் கேளுங்கள்: லியோன்ஹார்ட்டையும் பியர் ஆந்தாயையும், ஒரே வேரியேஷனில். இருவருக்கும் உள்ள வித்தியாசம் காதில் தெரிய ஆரம்பித்த பிறகு பெராயாவைப் போடுங்கள்.