போன்ல ஸ்கேன் பண்ணி வாங்கினேன், திருடின்னு நிறுத்திட்டாங்க – எப்படி சரி பண்ணேன்

லண்டன்ல ஒரு சூப்பர்மார்க்கெட்ல ஆப்லயே ஸ்கேன் பண்ணி காசு கட்டிட்டு வெளிய வரேன், செக்யூரிட்டி நிறுத்தி எண்ணெய் டின்னும் நெய்யும் பில்லுல இல்லைங்கறாரு. கடைக்குள்ள சிக்னல் விட்டு விட்டு வந்ததால அவர் கையில இருந்த மெஷின்ல பழைய லிஸ்ட்தான் நிக்குது, என் போன்ல நெய் வரைக்கும் முழு பில்லும் இருக்கு, பேங்க் மெசேஜும் அதே தொகை, ஆனா அவர் பார்க்கவே மாட்டேங்கறாரு. அத்தனை பேர் முன்னாடி பையைக் கொட்டினப்போ உடம்பே கூசிப்போச்சு.

அங்கயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். அவரும் கேக்கல, இனி கடைக்கு வராதேன்னுட்டாரு.

வீட்டுக்கு வந்ததும் ஹெட் ஆபிஸுக்கு மெயில்: என் சிசிடிவி வீடியோ, ஆப்ல நான் ஸ்கேன் பண்ண பதிவு ரெண்டும் வேணும்னு. யூகே ஜிடிபிஆர் (அங்க இருக்கிற தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம்) படி நம்ம டேட்டாவை நாம கேக்கலாம், பொதுவா காசு கிடையாது, ஒரு மாசத்துக்குள்ள பதில் தரணும். 1968 திருட்டுச் சட்டப்படி நேர்மையில்லாத எண்ணம் இருந்தாதான் திருட்டுன்னும் எழுதினேன். தேதி, நேரம், கிளை, பில் நம்பர் எல்லாம் மறக்காம போடுங்க, இல்லேன்னா வீடியோ தேட முடியலன்னு இழுத்தடிப்பாங்க, பழைய வீடியோ அழிஞ்சும் போயிடும் அதனால அன்னிக்கே அனுப்பிடுங்க.

பதிவுல எல்லா பொருளும் இருந்துச்சு. தடையை எடுத்துட்டு மன்னிப்பு லெட்டர் அனுப்பினாங்க, கடைக்குள்ள விடக்கூடாதவங்கன்னு அவங்க வச்சிருந்த லிஸ்ட்ல இருந்து என் போட்டோவை நீக்கினதையும் எழுத்துல வாங்கிட்டேன்.